பவேரியாக் கிராமத்து விதவை

நான் ஒரு ஜேர்மன் நடிகை. ரொறன்ரோவில் கலியாண வீடுகளில் இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார். பிறகு சேலையைப் பார்ப்பார்.

"நடிகையோ? எந்தப் படத்தில நடிச்சனீங்கள்?"

"படமில்லை. மேடை. பிறகு ரீவி."

"எங்கட ரீவியோ?"

"இல்லை, டொச் ரீவி."

ஜேர்மன் மொழியை அங்கே வாழ்ந்த எங்கள் சனம் டொச் என்றுதான் சொல்லும். "அப்ப எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவர் தட்டில் இருக்கும் ரோல்ஸைக் கடிக்கத் தொடங்குவார். முன்பெல்லாம் நானும் அத்தோடு விட்டுவிடுவேன். இப்போது விடுவதில்லை. "தெரியாட்டி நான் சொல்லுறன், இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கிவிடுகிறேன். இங்கேயும் அதைத்தான் செய்யப்போகிறேன்.

பிறந்தது மன்னார்க் கரையில். ஆனால் எனக்கு நினைவு தெளிவாகத் தொடங்குவது டோர்ட்முண்ட் நகருக்குப் பக்கத்தில், ஓர் அகதி விடுதியின் மேல்மாடியில். அப்பா ஓர் இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவினார். அம்மா அலுவலகங்களைத் துடைத்தார். இரண்டு பேருக்கும் டொச் வராது. அதனால் எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

நடிப்பை நான் கற்றது அந்தக் கந்தோர்களில்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எரிச்சலோடு ஏதாவது சொல்வார். இந்தப் பக்கம் அம்மா கும்பிடாத குறையாக, "ஐயாட்டச் சொல்லு பிள்ளை, ஒரு அறைக்குள்ள நாங்கள் படுறபாட்டைச் சொல்லு, தயவு பண்ணச் சொல்லு" என்பார். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "சட்டப்படி எங்களுக்கு உள்ள வீட்டைக் கேட்டு வந்திருக்கிறோம் என்று என் அம்மா சொல்கிறார்" என்பேன். அந்த மனிதரின் குரல் தணிந்துவிடும். அம்மா, தன் கெஞ்சல்தான் வேலை செய்தது என்று நினைத்து அவருக்கு நன்றி சொல்லுவார். அந்த நன்றியை மட்டும் நான் அப்படியே மொழிபெயர்ப்பேன்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் நாடகப் பள்ளிக்கு விண்ணப்பித்தேன். மருந்துக்கடையில் வேலை பழகுவேன் என்று நம்பியிருந்த அப்பா நீண்ட காலம் என்னோடு கதைக்கவில்லை. தேர்வு நாளில் வயதான பேராசிரியர் ஒருவர், நான் நடித்துக் காட்டியதைக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"உங்கள் உச்சரிப்பு அருமை. ஆனால் யோசித்துப் பாருங்கள், உங்களுக்கு நாங்கள் என்ன வேடம் கொடுப்பது?"

"மற்றவர்களுக்குக் கொடுக்கிற வேடங்களைக் கொடுங்கள்" என்றேன்.

அந்த வருடம் என்னை எடுக்கவில்லை. அடுத்த வருடம் மறுபடி போனேன். அதே அறை, அதே மனிதர், அதே கேள்வி. நானும் பதிலை மாற்றவில்லை. இந்த முறை எடுத்தார்கள். ஏன் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மறுபடி மறுபடி வந்து நிற்பேன் என்று பயந்திருப்பார்கள்.

அங்கே வைன் போத்தல் தக்கையைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு வசனம் பேசப் பழக்குவார்கள். தக்கையை எடுத்தபின் சொற்கள் கண்ணாடி போலத் துலங்கும். விடுமுறையில் வீட்டுக்கு வந்து நான் தக்கையோடு கத்திக்கொண்டிருந்ததை அம்மா கதவிடுக்கால் பார்த்துவிட்டு அப்பாவிடம், "காசு குடுத்துப் பிள்ளையை விசராக்கிப் போட்டம்" என்றார். அப்பா சிரித்துவிட்டார். அன்றைக்குத்தான் மறுபடி என்னோடு கதைத்தார்.

படித்து முடித்ததும் வடக்கே, கடலோரச் சிறு நகரம் ஒன்றின் அரங்கத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. ஜேர்மனியில் சின்ன ஊர்களுக்குக்கூடச் சொந்த அரங்கம் உண்டு. நடிகர்கள் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்வார்கள். முதல் குளிர்காலம் முழுவதும் வேலைக்காரியாகவும் தூதுவனாகவும் சூனியக்காரியாகவும் வந்து போனேன். நெறியாளர் மாறியபோது புதியவரின் அறைக்குப் போய், வரப்போகும் நாடகத்தில் ராணி வேடத்துக்கு என்னைச் சோதித்துப் பார்க்கும்படி கேட்டேன். கேட்கிற வழக்கம் அங்கே யாருக்கும் இருக்கவில்லை. ஆச்சரியத்தில் அவர் ஒத்துக்கொண்டார். ராணியானேன்.

நாடகம் தொடங்கிச் சில நாட்களில் பேக்கரியில் பாண் வாங்க நின்றேன். விற்கும் பெண்மணி என்னை அடையாளம் கண்டுவிட்டார்.

"உங்கள் குரல் அற்புதம். ஆனால் ராணி என்று நம்பத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது."

"ராஜாவை நம்பினீர்களா?"

"ஓ, அவர் அசல் ராஜா!"

"அவர் என் மேல்வீட்டுக்காரர். அடிக்கடி வீட்டுத் திறப்பைத் தொலைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருப்பார். அவரை ராஜா என்று நம்பினீர்கள் என்றால் என்னை நம்புவதில் என்ன கஷ்டம்?"

அவர் முகம் சிவந்து, பாணைச் சுற்றித் தந்தார். அடுத்த நாடகத்துக்கு முன்வரிசையில் இருந்தார்.

தொலைக்காட்சி அதற்குப் பிறகு வந்தது. என் முதல் வேடம் பிணம். ஒரு துப்பறியும் தொடரில், வாய்க்கால் கரையில் கிடக்கும் பெயரில்லாத வெளிநாட்டுப் பெண். ஈரப்புல்லில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். எனக்குத் தெரியாமல் அம்மா ஊரில் உள்ள தமிழ்ச் சனம் எல்லோரையும் கூப்பிட்டு, வடை சுட்டு, மகள் ரீவியில் வருகிறாள் என்று உட்காரவைத்திருக்கிறார். அன்றிரவு தொலைபேசியில் அழுகையும் ஏச்சும்.

"உயிரோட இருக்கிற பிள்ளையை ஆரும் செத்தவளாக் காட்டுவினமே? வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாலும் மனம் ஆறியிருக்கும்."

அடுத்தடுத்து வந்தவையும் அப்படித்தான். ரோசாப்பூ விற்பவரின் மனைவி. துப்புரவுக்காரி. நாடுகடத்தப்படுகிறவள். சிலவற்றைச் செய்தேன், வீட்டு வாடகை வேறு யாரும் கட்டமாட்டார்கள். பிறகு ஒரு மருத்துவமனைத் தொடரில் தாதி வேடம் வந்தது. பல வருடங்கள் ஓடிய தொடர். மற்றத் தாதிமாரின் சட்டையில் முழுப்பெயரும் எழுதிய பட்டி இருந்தது. என் பட்டியில் முதற்பெயர் மட்டும். தயாரிப்பாளரிடம் போய்க் கேட்டேன்.

"பார்ப்பவர்களுக்கு உங்கள் குடும்பப் பெயர்கள் வாசிக்க வராது" என்றார் அவர், மிக அன்பாக.

"பழகட்டும். நான் இருபது வருடமாக உங்களுடைய பெயர்களை வாசிக்கிறேன். முழுப்பெயர் இல்லாமல் நான் வார்ட்டுக்குள் போகமாட்டேன்."

கமெரா தயாராக இருந்தது. கட்டிலில் நோயாளியாகப் படுத்திருந்தவர் எழுந்து கோப்பி குடிக்கப் போய்விட்டார். நான் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் உடைகளுக்குப் பொறுப்பான பெண், "என்ன எழுத வேண்டும்? எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள்" என்று வந்தாள். அந்தத் தாதிக்குக் குடும்பப் பெயராக அம்மாவின் தகப்பனுடைய பெயரைச் சொன்னேன். நீளமான பெயர். பட்டி கழுத்துப்பட்டையில் தொடங்கி அக்குளுக்குக் கிட்டப் போய் நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கழற்றவில்லை. தொடர் முடியும்வரை அதோடுதான் ஊசி போட்டேன்.

அந்தக் காட்சி ஒளிபரப்பான இரவு அம்மா தொலைபேசி எடுத்தார். "எங்கட அப்புவின்ர பேர் டொச் ரீவியில வருது" என்றார்.

ஐம்பதைத் தொடும் வயதில் ரொறன்ரோவுக்கு வந்தேன். காரணம் எளிமையானது. உறவுக்காரக் கலியாணமொன்றில் ஒருவரைச் சந்தித்தேன். மனைவியை இழந்தவர், லிஃப்ட் திருத்தும் வேலை, ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில் வீடு. நான் டொச் நடிகை என்று சொன்னபோது அவர் ரோல்ஸைக் கடிக்கவில்லை. "மேடையில வசனம் மறந்தா என்ன செய்வீர்?" என்று கேட்டார். யாரும் என்னிடம் அப்படி ஒரு நல்ல கேள்வி கேட்டதில்லை. அவரையே கட்டிக்கொண்டேன்.

ரொறன்ரோ படம் பிடிக்கிற ஊர். திரையில் நியூயோர்க் என்றும் சிக்காகோ என்றும் பார்க்கிற தெருக்கள் பல எங்கள் தெருக்கள்தான். ஊரே தினமும் வேடம் போடுகிறது. எனக்கும் ஏதாவது கிடைக்கும் என்று நம்பினேன். வாய்ப்புத் தேடித்தரும் ஏஜென்ட் ஒருத்தியும் அமைந்தாள். முதல் அழைப்பு, சுடப்பட்டு இறந்த இளைஞனின் தமிழ்த் தாய். பொலிஸ் வந்து செய்தி சொல்லும், தாய் நெஞ்சில் அடித்துக் கதற வேண்டும். இடையில் ஒரு வரி தமிழ், ஆங்கில எழுத்தில். கூட்டி வாசித்தேன். 'என் மகன் இறந்துவிட்டது' என்று இருந்தது. பெற்ற பிள்ளையை அஃறிணையாக்கி வைத்திருந்தார்கள்.

தேர்வுக்குப் பொறுப்பான இளம்பெண் நான் ஆங்கில வரிகளைப் பேசியதைக் கேட்டுத் தலையைச் சாய்த்தாள்.

"உங்கள் நாட்டு ஆக்சன்ட் இன்னும் கொஞ்சம் வேண்டும்."

"இதுதான் என் நாட்டு ஆக்சன்ட். நான் ஜேர்மனியில் வளர்ந்தவள்."

"இல்லை, உங்களுடைய... உண்மையான ஆக்சன்ட்."

நான் அதை விட்டுவிட்டுத் தாளைக் காட்டினேன். "இந்தத் தமிழ் பிழை."

"பார்ப்பவர்களுக்கா தெரியப்போகிறது?"

"கீழே கார் தரிப்பிடத்தில் நிற்கும் அண்ணைக்குத் தெரியும். என்னோடு ரயிலில் வந்த பிள்ளைகளுக்குத் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்கு மிக நன்றாகத் தெரியும்."

பிறகு நான் அதை என் முறையில் செய்து காட்டினேன். பொலிஸ் சொல்கிறது. தாய் அழவில்லை. அடுப்பை அணைக்கிறாள். வந்தவர்களுக்குக் கதிரையை இழுத்துப் போடுகிறாள். "அவன் இன்னும் சாப்பிடேல்லை" என்கிறாள். அவ்வளவுதான். அறையில் இருந்த இரண்டு பேரும் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்கள். பிறகு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் ஒத்துழைக்கவில்லை என்று ஏஜென்டுக்கு மின்னஞ்சல் போயிருந்தது.

"நீர் ஒருக்கா அழுதுதான் விட்டிருக்கலாமே" என்றார் என் மனுசன், சோற்றைப் போட்டுக்கொண்டே.

"அழ எனக்குத் தெரியும். அவை கேட்டது அழுகை இல்லை. எங்களைப் பற்றி அவை முதலே முடிவுகட்டி வைச்சிருக்கிற ஒரு படம்."

"அப்ப சரி" என்றார். அவர் அதிகம் கதைக்கிறவர் அல்ல.

கொஞ்ச நாள் வேலை வரவில்லை. நகரின் வடக்கே ஒரு ஜேர்மன் இறைச்சிக்கடையில் நான் வழக்கமாகக் கறுப்புப் பாண் வாங்குவேன். அங்கே சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. ஜேர்மன் முதியவர்களின் சங்கமொன்று வருடா வருடம் போடும் நகைச்சுவை நாடகத்துக்குக் கதாநாயகி தேவை. ஏற்கெனவே நடித்தவருக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை. கடை வாசலிலேயே நின்று தொலைபேசி எடுத்தேன். நெறியாள்கை செய்பவர் ஓய்வுபெற்ற பாலர் பள்ளி ஆசிரியை. என் குரலைக் கேட்டு, "எந்த ஊர்? வானொலிச் செய்தி மாதிரி இருக்கிறதே உங்கள் டொச்!" என்று குதித்தார். அன்று மாலையே வரச் சொன்னார்.

மண்டப வாசலில் ஒரு கிழவர் புகைபிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஆங்கிலத்தில், "சாப்பாடு கொண்டுவந்தீர்களா? குசினிக் கதவு பின்பக்கம்" என்றார்.

"குசினியில் எனக்கு வேலையில்லை, ஐயா" என்றேன் டொச்சில். "மேடை எந்தப் பக்கம்?"

அவர் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டார்.

உள்ளே ஆசிரியை என்னைக் கண்டதும் வாயைத் திறந்தார், மூடினார், பிறகு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். அதற்காக அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். வாசலில் கண்ட கிழவர்தான் கதையில் மாப்பிள்ளை. ஓய்வுபெற்ற கட்டட மேசன், ஜேர்மனியின் தெற்கே பவேரியாக் கிராமமொன்றிலிருந்து வாலிபத்தில் கப்பலேறி வந்தவர். நாடகத்தில் கதாநாயகி அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரி, கணவனை இழந்தவள், நாக்கு நீளமானவள். ஊரில் உள்ள ஆண்களை எல்லாம் ஆட்டிவைப்பவள்.

"மரியாதையோடு சொல்கிறேன்" என்று கிழவர் எல்லோருக்கும் பொதுவாகத் தொடங்கினார். "அந்த விதவை எங்கள் ஊர்க்காரி. எங்கள் ஊரில் இப்படி ஒரு பெண் இருந்ததேயில்லை. யார் நம்புவார்கள்?"

"கதையில் மாப்பிள்ளைக்கு நாற்பது வயது. உங்களுக்கு?" என்று நான் கேட்டேன்.

பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"நீங்கள் ஊரைவிட்டு வந்து ஒரு காலமாகிவிட்டது" என்றேன். "நான் நேற்று வந்தவள். இன்றைக்கு அங்கே உங்கள் தங்கையின் இரத்த அழுத்தத்தைப் பார்க்கும் வைத்தியர் என்னைப் போல ஒருத்தியாக இருக்கலாம். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அதுவரை நான் வாசிக்கிறேன்."

வாசித்தேன். வேடம் எனக்கு என்று ஆசிரியை சொன்னார். கிழவர் எழுந்து வெளியே போனார். புகைபிடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

ஆனால் ஒரு விசயத்தில் அவர் சரி. என் டொச் வானொலி டொச். பவேரியாக் கிராமத்துப் பேச்சு எனக்கு வராது. அதை ஒளிக்காமல் அவரிடமே போனேன். "உங்கள் அம்மா கோழியை எப்படித் துரத்துவார்? வேலைக்காரனை எப்படி ஏசுவார்?" என்று கேட்டேன். முதலில் முறைத்தார். பிறகு சொல்லத் தொடங்கினார், நிறுத்த முடியவில்லை. தொலைபேசியில் பதிவுசெய்து, அஜக்ஸுக்குத் திரும்பும் வழியெல்லாம் 401 நெடுஞ்சாலை நெரிசலில் அவரோடு சேர்ந்து ஏசிக்கொண்டு வந்தேன். பக்கத்துக் காரில் இருந்தவர்கள் நான் அவர்களைத்தான் ஏசுகிறேன் என்று கண்ணாடியை ஏற்றினார்கள். கிழவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஒருநாள், "அந்த 'ஆ' இப்போது சரி" என்றார். அது போதும்.

நாடகம் ஒரு ஞாயிறு பின்னேரம். மண்டபம் முழுக்கக் கோப்பியும் அப்பிள் கேக்கும் மணத்தது. பின்வரிசையில் என் மனுசனும் அவருடைய தங்கையும். பண்ணைக்காரி உடுப்போடும் தலையில் கட்டிய துணியோடும் நான் மேடைக்கு வந்தபோது ஒரு சத்தமும் இல்லை. முள்ளுக்கரண்டி தட்டில் படுகிற சத்தம்கூட நின்றுபோனது. முதல் பகிடிக்கு யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவதற்கு ஒருவர் இருமினார். மூன்றாவது வரிசையில் ஒரு கணவனும் மனைவியும் எழுந்தார்கள். அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு, கதிரைகளைத் தள்ளிக்கொண்டு, வேண்டுமென்றே மெதுவாக வாசலை நோக்கி நடந்தார்.

பேசிக்கொண்டிருந்த வசனத்தை நிறுத்தினேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர்கள் கதவடிக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பிறகு கிழவருடைய அம்மாவின் குரலில், அந்த ஊர்ப் பேச்சில், கத்தினேன்:

"போறதெண்டால் படலையைச் சாத்திப்போட்டுப் போங்கோ! என்ர கோழியள் வெளியால ஓடப்போகுது!"

மண்டபம் வெடித்தது. மேசையில் அடித்துச் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைக் கிழவர் கண்ணீர் வரச் சிரித்துத் தன் வசனத்தை அடியோடு மறந்துவிட்டார். அவருடைய வரியையும் நானே கேள்வியாக மாற்றிச் சொல்லி, அவரைத் தோளில் பிடித்துத் தள்ளி, காட்சியை நகர்த்தினேன். அதற்குப் பிறகு அந்தச் சனம் என் கையில் இருந்தது. போனவர்கள் திரும்பி வரவில்லை. வரட்டும் என்று நானும் பார்த்திருக்கவில்லை.

முடிந்ததும் மச்சாள் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். "மச்சாள், எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா உந்தக் கிழவனை நல்லா வெருட்டினியள்!"

"அவர் பாவம், வசனம் மறந்திட்டார்" என்றார் என் மனுசன். "அதை நீர் சமாளிச்ச விதம்தான் எனக்குப் பிடிச்சது."

இது போன வருடம். இப்போதெல்லாம் தேர்வுக்கு யாரும் நேரில் கூப்பிடுவதில்லை. வீட்டிலேயே படம் பிடித்து அனுப்ப வேண்டும். அண்மையில் ஏஜென்ட் ஒரு நீதிமன்றக் கதையை அனுப்பினாள். எனக்குக் குறித்திருந்தது குற்றவாளியின் தாய். அதே கதையில் நீதிபதி வேடமும் இன்னும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீதிபதியை நடித்து அனுப்பினேன்.

ஏஜென்ட் உடனே தொலைபேசி எடுத்தாள். "தவறுதலாக வேறு வேடத்தைச் செய்துவிட்டீர்கள்."

"தவறுதலாக இல்லை. அந்தத் தாயை நான் ஏற்கெனவே போதுமான அளவு செய்துவிட்டேன். இதை அனுப்புங்கள்."

பெருமூச்சு விட்டாள், ஆனால் அனுப்பினாள். கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை, வேறொருத்திக்குப் போனது. அடுத்து வந்த கதையில் நோயாளியின் தாய். சத்திரசிகிச்சை நிபுணரை நடித்து அனுப்பினேன். அதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அதற்கடுத்த அழைப்பில் ஏஜென்ட் தானாகவே இரண்டு வேடங்களை அனுப்பியிருந்தாள். "நான் சொன்னால் எப்படியும் நீங்கள் கேட்கப் போவதில்லை" என்று எழுதியிருந்தாள்.

நேற்று பின்னேரம் அவற்றில் ஒன்றைப் படம்பிடித்தோம். கப்பல் கப்டன். என் மனுசன் வேலையால் வந்த உடுப்போடு கமெராவுக்குப் பின்னால் நின்று மாலுமியின் வரிகளை வாசித்தார். புயல் காட்சி. அவர் "கப்பல் தாழப்போகுது, கப்டன்" என்பதை, பாணும் பருப்பும் வாங்கிவரச் சொல்வது போலச் சொன்னார்.

"இஞ்சருங்கோ, கொஞ்சம் பயந்து சொல்லுங்கோ."

"நான் ஏன் பயப்பிட வேணும்? கப்பல் உம்மட கையில எல்லே இருக்கு."

"திரும்பப் போடுங்கோ கமெராவை" என்றேன்.